இரண்டு நாற்காலிகளும் ஒரு குடும்பமும்: வர்ஜீனியா சடீரின் ஆற்றுப்படுத்தும் முறை குறித்து ஒரு திறனாய்வு

கோட்டாறு, நாகர்கோவில் வட்டாரத்தில் ஆயர் இல்லத்தின் வாயிலுக்கு வரும் குடும்பப் பிரச்சினை பெரும்பாலும் ஓர் ஆளாக வருவதில்லை. மகனுடைய குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசத் தாய் வருகிறார். அவரோடு அவருடைய தம்பி வருகிறார். மருமகளின் வீட்டாரோ தங்கள் பக்க நியாயத்தைச் சபை மூப்பர் ஒருவர் வழியாக முந்தின நாளே சொல்லி அனுப்பியிருக்கின்றனர். யாரைக் குறித்துப் பேச்சோ அந்த மகன் மட்டும் வந்திருப்பதில்லை. ஆற்றுப்படுத்தல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்று இறையியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் ஆயர், தாம் கற்ற பாடத்தில் இக்காட்சிக்கு இடமே இல்லை என்பதை முதல் ஆண்டிலேயே கண்டுகொள்கிறார். அவர் கற்றது இரண்டு நாற்காலிகளைப் பற்றிய பாடம்: சாத்திய கதவு, எதிரெதிரே இருவர், ஐம்பது நிமிடம், வெளியே போகாத பேச்சு. நம் ஊர்களில் கதவைச் சாத்தினால் அதுவே அடுத்த வாரத்துக்கு ஒரு பிரச்சினையாகும் என்பதைக் கற்பித்தவர் யாருமில்லை.

இக்குறையை நிரப்பக் குடும்ப ஆற்றுப்படுத்தல் என்னும் துறையைப் பலர் இப்போது நாடுகின்றனர். அத்துறையின் முன்னோடிகளில் ஆயர்களுக்கு மிகவும் உவப்பானவராக இருப்பவர் வர்ஜீனியா சடீர். அவருடைய நடை எளிது, உள்ளம் கனிவானது, அவர் காட்டும் பயிற்சிகளை ஞாயிறு மாலைக் குடும்பக் கூடுகையிலும் செய்துவிடலாம். அவருடைய பின்னணியையும் முறையையும் மதிப்பிட்டு, நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும், எங்கே பொருந்தாது, எங்கே தீங்கும் விளைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நாம் ‘ஆற்றுப்படுத்தல்’ என்று மொழிபெயர்த்துக்கொண்ட இப்பணிக்குச் சங்க இலக்கியத்தில் நீண்ட வேர் உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளுகிற ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு, தான் சென்று வந்த வழியைச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. வழி சொல்பவன் வள்ளல் அல்லன். நேற்றுவரை அவனும் பசித்தவனே. அவ்வகையில் இச்சொல் நமக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் இதில் ஒரு முரண் உள்ளது. நம் கல்லூரிகள் இச்சொல்லால் கற்பித்தது பெரும்பாலும் கார்ல் ரோஜர்ஸின் முறையை. அம்முறையின் முதல் விதியோ வழி சொல்லக்கூடாது என்பது!

ரோஜர்ஸ் 1902-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில், கண்டிப்பான புரொட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1922-இல் பீக்கிங்கில் கூடிய உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்குச் சென்ற இளைஞர். நியூயார்க்கின் யூனியன் இறையியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்றபின், குறிப்பிட்ட ஒரு சமயக் கோட்பாட்டுக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாது என்று உணர்ந்து, சாலைக்கு அப்பால் இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்கு மாறிக்கொண்டார். 1942-லும் 1951-லும் அவர் வெளியிட்ட நூல்களே உலகெங்கும் இறையியற் கல்லூரிகளில் ஆற்றுப்படுத்தல் பாடத்தின் அடித்தளமாயின. இறையியற் கல்லூரியை விட்டுப் போனவர் இறையியற் கல்லூரிகளுக்கே ஆசிரியரானது சிந்திக்கத்தக்கது.

அவர் வாழ்வில் நாம் போதுமான அளவு கவனியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நல நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், அடங்காத சிறுவன் ஒருவனுடைய தாயை அவர் பலமுறை சந்தித்தார். மகனை அவர் உள்ளூர ஒதுக்குவதே சிக்கலின் வேர் என்று அவருக்கு உணர்த்த முயன்றார்; பயனில்லை. இருவரும் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தனர். கதவருகே சென்ற தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவது உண்டா என்று கேட்டார். மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டினார். வருபவருக்கே தம் வலி எங்கே என்று தெரியும் என்னும் பாடத்தை ரோஜர்ஸ் இதிலிருந்து எடுத்தார். அது சரியே. ஆனால் இதே நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மகனுடைய அடங்காமை, தாயின் கண்ணீர், கணவனோடுள்ள பிணக்கு ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் ஒரே நூலில் கோத்தவை. அந்நூலை ரோஜர்ஸ் பின்தொடரவில்லை. தாயோடு மட்டும் அமர்ந்தார். அதைப் பின்தொடர்ந்தவர்களே குடும்ப மருத்துவர்கள்.

சடீரிடம் வருமுன் நம் நாட்டில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். ஏனெனில் குடும்பத்தைச் சேர்த்து அழைப்பது என்னும் எண்ணம் மேலைநாட்டு நூல்களிலிருந்துதான் நமக்கு வரவேண்டும் என்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உளமருத்துவப் பணியைத் தொடங்கியவர் கனடா நாட்டு மருத்துவரான ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார். 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் உருவாயிற்று. அங்கே நோயாளி தனியே சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. உறவினர் ஒருவராவது உடன் தங்கவேண்டும். அக்காலத்து மேலைநாட்டு மனநோய் மருத்துவமனைகளில் உறவினர் என்போர் குறிப்பிட்ட நாளில் வந்து போகும் பார்வையாளர் மட்டுமே என்பதை நினைத்தால் இதன் புதுமை விளங்கும். வடக்கே அமிர்தசரசில் வித்யாசாகர் என்னும் மருத்துவர் 1950-களிலேயே மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அடித்து உறவினரைத் தங்கவைத்தார். வேலூர் அனுபவத்தைக் கோல்மேயர், பெர்னாண்டஸ் என்னும் இருவர் 1963-இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். குடும்பத்தோடு சேர்ந்த மருத்துவம் என்பதே அதன் பொருள். சடீரின் முதல் நூல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

வேலூரையும் நாம் மிகைப்படுத்திப் புகழவேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் பணியாளரும் குறைவு என்னும் நெருக்கடி அவ்வேற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது. தேவையே முறையாகக் கனிந்தது. அதில் குடும்பத்தின் பங்கு முதன்மையாகப் பேணுபவரின் பங்கு: நோயை அறிந்துகொள்வது, மருந்தை உடனிருந்து கொடுப்பது, வீடு திரும்பியபின் அச்சமின்றி ஏற்றுக்கொள்வது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் அவர் திரும்பிப்போக இடமிருக்காது என்பதை இது கண்டுகொண்டது. ஆனால் உடன் தங்கியிருக்கும் அண்ணனே நோய்க்குக் காரணமான அழுத்தத்தைத் தருபவனாக இருந்தால் என்ன செய்வது என்னும் கேள்விக்கு, உடன் தங்குதல் என்னும் ஏற்பாடு மட்டும் விடையாகாது. அங்கேதான் சடீர் தேவைப்படுகிறார்.

சடீரின் பின்னணி

வர்ஜீனியா சடீர் 1916-இல் விஸ்கான்சின் மாநிலத்து நீல்ஸ்வில் என்னும் சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐந்து வயதில், பெற்றோரைத் துப்பறியும் குழந்தைத் துப்பறிவாளராக வேண்டும் என்று தீர்மானித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடல்வால் நோயால் அவர் துடித்தபோது, மருந்தை மறுக்கும் கிறிஸ்தவ விஞ்ஞானக் குழுவைச் சார்ந்த தாய் மருத்துவமனைக்குக் கொண்டுபோக இணங்கவில்லை. தந்தை வலிந்து கொண்டுசென்றபோது குடல்வால் வெடித்திருந்தது. சிறுமி பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தாள். காது நோயினால் சிறிது காலம் செவிப்புலனும் குன்றியிருந்தது. செவி கேளாதபோது முகத்தையும் கையையும் நோக்கக் கற்ற குழந்தை, வளர்ந்தபின் பேச்சைவிட உடலின் நிலையை நம்பும் மருத்துவரானது வியப்பன்று. விசுவாசத்தின் பேரால் தாயும் தந்தையும் முரண்பட்ட ஒரு வீட்டில் உயிர்பிழைத்தவர் அவர் என்பதையும் ஆயர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

அவர் முதலில் பள்ளி ஆசிரியை. தம் மாணவர்களின் வீடுகளுக்கு மாலைதோறும் சென்று பெற்றோரைப் பார்ப்பது அவருடைய வழக்கம். பின்னர் சிகாகோவில் சமூகப்பணி பயின்றார். 1951-இல் மனச்சிதைவு உள்ளவர் என்று கருதப்பட்ட இளம்பெண் ஒருத்திக்கு அவர் தனியே சிகிச்சை அளித்துவந்தார். பெண் தேறி வந்தாள். அப்போது தாய் தொலைபேசியில் அழைத்து, என் மகளின் அன்பை என்னிடமிருந்து பறிக்கிறாய், வழக்குத் தொடுப்பேன் என்றார். மிரட்டலுக்குள் ஒரு மன்றாட்டைக் கேட்ட சடீர் தாயையும் வரச்சொன்னார். தாய் வந்து அமர்ந்ததும் தேறியிருந்த மகள் பழைய நிலைக்கே திரும்பினாள். பின்னர் தந்தை வந்தார். அதன்பின் குடும்பத்தில் யாரும் குறைசொல்லாத செல்ல மகன் வந்தான். ஒவ்வொருவர் வரும்போதும் மற்றவர்களின் நிலை மாறியது. நோய் பெண்ணுக்குள் இல்லை, அவர்களுக்கு இடையில் இருக்கிறது என்று அவர் கண்டது இவ்வாறே. 1959-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் டான் ஜாக்சனோடு உளஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அங்கே குடும்ப மருத்துவப் பயிற்சியை நடத்தினார். 1964-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. (அதன் தலைப்பைக் ‘கூட்டுக் குடும்ப மருத்துவம்’ என்று நம் மாணவர்கள் மொழிபெயர்ப்பது பெரும்பிழைக்கு இடம்தரும். சேர்ந்து அமர்ந்த குடும்பம் என்பதே கருத்து. கூட்டுக்குடும்பத்தை அவர் அதில் எண்ணவே இல்லை. இவ்வொரு சொல்லிலேயே நம் திறனாய்வின் பாதி அடங்கிவிடுகிறது.) 1972-இல் பொதுமக்களுக்காக எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது. 1988-இல் மறைந்தார்.

அவருடைய முறையில் தனிமனிதர், தம்பதியர், குடும்பம் என்று மூன்று தனித்தனி அறைகள் இல்லை. தனிமனிதரிடம் அவர் தேடுவது தன்மதிப்பு. தன்னை மதியாதவர் நெருக்கடி வரும்போது நான்கில் ஒரு நிலையை மேற்கொள்கிறார்: ஒருவர் பணிந்து இணங்குவார், ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் உணர்ச்சியை விலக்கிக் கணக்குப் பேசுவார், ஒருவர் பேச்சையே திசைதிருப்புவார். ஐந்தாவது நிலையே நலமானது: உள்ளே உணர்வதும் வெளியே சொல்வதும் ஒத்திருப்பது. தம்பதியரிடம் அவர் காண்பது, குறைந்த தன்மதிப்புள்ள இருவர் தம் குறையை மற்றவர் நிரப்புவார் என்று நம்பி இணைந்து, ஏமாந்து, அவ்வேமாற்றத்தைச் சொல்லாமல் மறைக்கும் நிலை. பெற்றோரே குடும்பத்தின் சிற்பிகள் என்பது அவர் துணிபு. அவர்களின் சொல்லாத துயரத்தைப் பிள்ளை தன் நடத்தையால் சொல்கிறது. ஆகவே நோயாளி என்று வீட்டார் சுட்டிக்காட்டுகிறவர், வீட்டின் வலிக்கு வாயாக அமைந்தவர். குடும்பத்தினரைச் சிலைகள்போல நிற்கவைத்து, யார் யாரை நோக்கி விரல் நீட்டுகிறார், யார் முழந்தாளிடுகிறார், யார் புறங்காட்டி நிற்கிறார் என்று அவர்களே காணச்செய்வது அவருடைய புகழ்பெற்ற பயிற்சி.

இதில் நாம் நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டியவை பல. வீட்டார் சுட்டிக்காட்டுகிறவரைச் சுற்றியே பேச்சை நிறுத்தக்கூடாது என்பது முதலாவது. குடிக்கிற மகனைப் பற்றி அரைமணி நேரம் பேசும் தாயிடம், வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது ஒரு சிறு கேள்விதான். அது திறக்கும் கதவுகள் பெரியவை. பன்னிரண்டு ஆண்டுகளாக வளைகுடா நாட்டில் இருக்கும் தந்தை, அவர் அனுப்பும் பணம், அப்பணத்தால் எழுந்த வீடு, அவ்வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லாத நிலை: இவையெல்லாம் அதற்கு அப்பால்தான் வெளிவருகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று ஆயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் மூன்று இடங்களில் நாம் சடீரோடு உடன்பட இயலவில்லை. முதல் இரண்டையும் சுருக்கமாகவே சொல்லலாம். பெற்றோரே சிற்பிகள் என்னும் கருத்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வாழும் வீட்டை அடிப்படையாகக் கொண்டது. நம் வீடுகளில் சிற்பிகள் பலர், அவர்களில் சிலர் வேறு தெருவில் வாழ்கின்றனர், சிலர் இறந்துபோனவர்கள். சீர்வரிசையில் குறை சொல்லப்பட்ட ஒரு திருமணத்தில், பத்தாண்டுகளுக்கு முன் மரித்த மாமனாரின் வாக்கு இன்றும் உணவு மேசையில் அமர்ந்திருக்கிறது. அடுத்து, பணிந்து இணங்குவதை அவர் எப்போதும் தன்மதிப்பின் குறைவாகக் காண்பது. மாமியாருக்கு முன் குரலைத் தாழ்த்திப் பேசும் மருமகள் எல்லாரும் தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவர் அல்லர். அடுக்களையில் அதே மருமகள் தன் ஓரகத்தியிடம் எவ்வளவு ஒத்திசைவோடு பேசுகிறாள் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். பேச்சு யாரிடம் எந்த இடத்தில் என்பதை விட்டுவிட்டு, பேச்சின் நிலையை மட்டும் அளப்பது நம் நாட்டில் தவறான அளவையே தரும். இளம் ஆயர் ஒருவர் குடும்பக் கூடுகையில் மருமகளை எழுப்பி, மாமியாரை நேருக்கு நேர் நோக்கி மனத்திலுள்ளதைச் சொல்லும்படி பணித்தால், அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மருமகளும் அதே மாமியாரோடு வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

மான்மியம் கற்பிப்பது

மூன்றாவது வேறுபாடே ஆழமானது. அதைச் சொல்ல நாஞ்சில் நாட்டுக்கே உரிய ஒரு நூலின் துணையை நாடுகிறோம். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நகைச்சுவைக் காவியத்தை நம் மாணவர்கள் தமிழிலக்கியப் பாடமாக மட்டுமே அறிவர். குடும்ப ஆற்றுப்படுத்தல் வகுப்பில் அதைப் பாடமாக வைத்தால் தகும் என்பது நம் எண்ணம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அக்காலத்தில் சொத்து மகனுக்குச் செல்லாது. சகோதரியின் மகனாகிய மருமகனுக்கே செல்லும். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்று வரையறுத்த ஒரு சிறு உரிமை மட்டுமே. காரணவர் என்னும் மூத்தவர் சொத்தை ஆளுவார். அத்தகைய ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்வதாகக் கவிமணி பாடியிருக்கிறார். மாமியின் ஆட்சிக்கு ஒரு படலம். நீதிமன்றம் ஏறிக் குடி முடிந்ததற்கு ஒரு படலம்.

இந்த வீட்டைச் சடீரிடம் அழைத்துச் சென்றால் என்ன ஆகும்? அவருடைய நான்கு நிலைகளும் அங்கே அச்சொட்டாக இருக்கும். பணிபவள் மனைவி, குற்றம் சாட்டுபவள் மாமி, திசைதிருப்புபவர் காரணவர், கணக்குப் பேசுபவன் சொத்துக்காகக் காத்திருக்கும் மருமகன். அவர்களைச் சிலைகளாக நிறுத்தலாம்; ஒருவர் கையை ஒருவர் பற்றச்செய்யலாம்; கண்ணீரும் வரும். மறுநாள் காலையிலும் அவள் மக்களுக்குச் சோறில்லை. ஏனெனில் அவ்வீட்டின் நோய் பேச்சில் இல்லை, பத்திரத்தில் இருந்தது. அதைத் தீர்த்தது யாருடைய ஆற்றுப்படுத்தலும் அன்று. 1926-இல் திருவிதாங்கூரில் நிறைவேறிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். அச்சட்டத்துக்கு முன்னே சமுதாயத்தின் நெஞ்சைத் தொட்டுக் கருத்தை உருவாக்கியதில் கவிமணியின் பாட்டுக்குப் பங்கு உண்டு என்பதை ஆய்வாளர் பலரும் ஒப்புவர். ஒரு பெண்ணின் வலியை அவள் வாயாலேயே ஊரார் கேட்கும்படி செய்ததைச் சடீர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்; ஆனால் அவர் அங்கேயே நின்றிருப்பார், கவிமணியோ சட்டமன்றத்தின் வாயில்வரை போனார்.

இது வேளாளர் கதை, நமக்கு என்ன என்று கிறிஸ்தவ வாசகர் எண்ணவேண்டாம். முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளிக்க நேர்ந்ததன் பின்னணி, கிறிஸ்தவ மகளுக்கு மகனோடு சமபங்கு மறுக்கப்பட்டதே. சகோதர சகோதரிகளின் மனத்தாங்கல் என்று ஆயரிடம் வரும் பல வழக்குகளில், ‘ஒருவரையொருவர் மன்னியுங்கள்’ என்று சொல்லுமுன், பாகப்பிரிவினை எப்படி நடந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

குடும்ப மருத்துவத் துறைக்குள்ளேயே இக்குறையைச் சுட்டியவர்கள் உண்டு. ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்பவர் 1978-இல் எழுதிய கட்டுரையில், குடும்பத்தில் எல்லாரும் எல்லாரையும் பாதிக்கின்றனர் என்னும் வட்டக் கருத்து, வட்டத்துக்குள் ஒருவர் கையில் அதிகாரமும் மற்றவர் கையில் வெறுமையும் இருப்பதை மறைத்துவிடுகிறது என்னும் பொருள்பட வாதிட்டார். இக்குற்றச்சாட்டு சடீர் ஒருவர்மேல் மட்டும் சாற்றத்தக்கது அன்று. துறை முழுவதுக்கும் உரியது.

வன்முறை உள்ள வீட்டில் இது வெறும் கோட்பாட்டுக் குறையாக நிற்பதில்லை, உயிருக்கே ஆபத்தாகிறது. அடிக்கும் கணவனையும் அடிபடும் மனைவியையும் ஒரே வேளையில் அமரவைத்து, இருவரும் மனம் திறந்து பேசுங்கள் என்றால், அவள் அங்கே திறந்து பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் இரவில் கணக்குக் கேட்கப்படும். அவன் அடிப்பதற்கு அவளுடைய எந்தப் பேச்சு காரணமாகிறது என்று ஆராய்வது, வட்டத்தின் பேரால் பழியில் பாதியை அவள்மேல் ஏற்றுவதாகும். திருச்சபையில் இப்பழக்கம் சடீரின் நூல் வருவதற்கு வெகுமுன்னரே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘பொறுத்துப் போ, ஜெபி, பிள்ளைகளை நினை’ என்று திருப்பி அனுப்பும் அறிவுரைக்குப் புதிய உளவியற் போர்வை ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவே. இதில் அரசின் விதி நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், தம்பதியரைத் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நடுவருக்கு இடம்தருகிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டு விதிகள், வன்முறைக்கு எவ்வகை நியாயமும் கற்பிக்க எதிர்தரப்பினருக்கு அவ்வாலோசனையில் இடமில்லை என்றும், இதை ஆலோசனை தொடங்குமுன்னரே அவருக்கு அறிவிக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. இவ்விரண்டு வரிகளில் இருக்கும் தெளிவு நம் பாடநூல்களில் இல்லை. ஆகவே, தம்பதியரைச் சேர்த்து அமர்த்துமுன் ஒவ்வொருவரையும் தனியே ஒருமுறை சந்திப்பது, ஆயரின் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. மாற்றமில்லாத ஒழுங்காகவே இருக்கவேண்டும். அச்சந்திப்பில், வீட்டில் உனக்கு அச்சம் உண்டா என்னும் கேள்வியை நேராகவே கேட்கலாம். விடை ‘ஆம்’ என்றால் சேர்ந்தமரும் பேச்சு அங்கேயே நிற்கட்டும், பாதுகாப்பே முதற்பணி. அந்தப் பெண்ணை ஆயர் இல்லத்தில் சந்திப்பதும் ஊர்ப்பேச்சுக்கு இடமாகலாம் என்பதால், ஆயரம்மா அல்லது பயிற்சி பெற்ற சபைப்பெண் ஒருவர் உடனிருப்பது நன்று. இரகசியத்தைக் காக்கும் ஒப்பந்தம் அவரையும் கட்டவேண்டும்.

சேர்ந்தமர்தலே மருந்தாகும் இடங்களும் உண்டு. அவற்றில் சடீரின் கை நமக்கு மிகவும் வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இம்மாவட்டத்துக் கடற்கரையைத் தாக்கியபோது கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அத்தகைய வீட்டில் தாய் இன்னும் வாசலைப் பார்த்திருப்பாள். தம்பி இறுதிச் சடங்கை முடித்துவிடலாம் என்பான். மனைவி தாலியைக் கழற்ற மறுப்பாள். அரசின் இழப்பீட்டுத் தாளில் கையொப்பமிட்டதையே சிலர் துரோகமாகக் காண்பர். ஒரே இழப்பு ஒவ்வொருவருக்குள்ளும் வேறுவேறு காலத்தில் நிற்கிறது. வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அம்மையார் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, ஒருமித்த முடிவுக்கு வீட்டாரை நெருக்காமல், வேறுபட்ட எண்ணங்களோடே சேர்ந்து அமரச்செய்வதே வழி என்று காட்டினார். இங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை. கடலே எல்லாரையும் அடக்கியிருக்கிறது. ஆதலால் மனம் திறந்த பேச்சு யாருக்கும் தீங்கு செய்யாது. இத்தகைய வீட்டில் நம் வழிபாட்டு ஒழுங்கு சிறிது காத்திருந்தால் என்ன? உடலில்லாத அடக்க ஆராதனையை எப்போது நடத்துவது என்பதை ஆயர் நாட்காட்டியைக் கொண்டு தீர்மானிக்காமல், அவ்வீட்டில் இன்னும் ஆயத்தமாகாத ஒருவரைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

இனி ஆயருடைய நிலைமை. சடீர், ரோஜர்ஸ், வேலூர் மருத்துவர் ஆகிய எவருக்கும் இல்லாத ஓர் இடர் ஆயருக்கு உண்டு: அவர் அக்குடும்பத்தின் ஊரிலேயே வாழ்கிறார். சபைக் கமிட்டித் தேர்தலில் கணவரின் அண்ணன் ஒரு கட்சியிலும் மனைவியின் மாமா எதிர்க்கட்சியிலும் இருக்கிறார்கள். திருமண அறிக்கை வாசிப்பவரும், மகனின் ஞானஸ்நானச் சான்றிதழில் கையொப்பமிடுபவரும் அவரே. மருத்துவரிடம் சொன்னதை மருத்துவமனை வாயிலில் விட்டுவரலாம். ஆயரிடம் சொன்னதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் கேட்கவேண்டியிருக்குமோ என்னும் அச்சம் மக்களுக்கு எப்போதும் உண்டு. சில வேளைகளில் அவ்வச்சம் நியாயமானதே. பெயர் சொல்லாத உதாரணம் என்று ஆயர் எண்ணிக்கொள்வது, நாற்பது குடும்பமுள்ள சபையில் பெயர் சொன்னதற்குச் சமம்.

ஆயினும் இதே நெருக்கத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. அதைச் சடீரின் ஆசிரியப் பருவமே நமக்குக் காட்டுகிறது. மாணவரின் வீட்டுக்கு மாலையில் நடந்துபோன அந்த இளம் ஆசிரியைக்குக் கிடைத்த காட்சி, பிற்காலத்தில் பாலோ ஆல்ட்டோவின் ஆய்வறையில் அவருக்கு அரிதாகவே கிடைத்திருக்கும். வீடு சந்திப்பு என்று நாம் பேரேட்டில் எழுதும் பணி அதுவே. பத்து நிமிட ஜெபமும் ஒரு குவளைத் தேநீருமாகச் சுருங்கிவிட்ட அச்சந்திப்பில், யார் கதவைத் திறக்கிறார், யார் நாற்காலியில் அமர்கிறார், யார் அடுக்களை வாயிலில் நின்றே கேட்கிறார், பிள்ளை யாருடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்பதைக் கவனிக்க ஆயருக்குப் பட்டம் எதுவும் வேண்டாம். சிலைகளை நிறுத்தத் தேவையில்லை. அவர்கள் ஏற்கனவே நிற்கிறார்கள்.

இப்பணியின் எல்லையையும் பாடத்திட்டத்தில் சேர்க்கவேண்டும். எதை நாம் செய்யக்கூடாது என்பது இறுதித் தேர்வில் கேட்கப்படுவதே இல்லை. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றின் அடையாளங்களை இனங்கண்டு உளமருத்துவரிடம் அனுப்பத் தெரியாத ஆயர், எத்தனை பயிற்சி முகாம்களுக்குப் போய்வந்தாலும் ஆபத்தானவரே. கோட்டாற்றிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சில கிலோமீட்டர்தான். பெண்களுக்கான உதவி எண் 181. பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியாக அணுகலாம். சபைகள் ஆண்டுதோறும் அச்சிடும் நாட்காட்டியில் திருநாட்களுக்கும் கமிட்டி உறுப்பினர் பெயர்களுக்கும் இடமிருக்கிறது. இம்மூன்றுக்கும் சேர்த்து அதன் பின்னட்டையில் நான்கு வரி போதும்.